கீழ்வயலுக்கு உரம் போட்டாயிற்று

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதைக் கேட்கவே வேண்டாம். நாங்களும் அப்படியே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் தங்கையின் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது, உதட்டு நீலம் போய்விட்டது, அவள்தான் இன்னமும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷம் நீ வந்து சாப்பாட்டு மேஜையில் படம் போட்டு விளக்கினாயே, வயல் உரம் ஆற்றில் கரைந்துதான் ஏரி பச்சையாகிறது, உரத்தைக் குறைக்கிறவர் அந்தக் குறைவை விற்கலாம், குறைக்க முடியாதவர் வாங்கிக்கொள்ளலாம், மொத்தத்தில் ஏரி சுத்தமாகிவிடும் என்று, உன் அப்பா வாயைப் பிளந்து கேட்டார். மகன் ஆபீஸ் திட்டமாயிற்றே. ஏரிக்கரைக் கீழ்வயலுக்கு உரத்தை நிறுத்தினோம், பயிர் சோனியாக நின்றது, பொறுத்துக்கொண்டோம். அந்தக் குறைவை வாங்கியவன் யார்? ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற கோழிப்பண்ணைக்காரன். நாம் கீழே குறைத்த அளவுக்கு அவன் மேலே ஆற்றில் கோழிக்கழிவை ஊற்றினான், சட்டப்படிதான். ஏரிக்கணக்கு உனக்குச் சரியாக வந்தது. நடுவில் உன் தங்கை வீட்டு ஆற்றோரக் கிணறு இருப்பது உனக்கு நினைவில்லை, இத்தனைக்கும் கூட நின்று இடம் பார்த்து வெட்டச் சொன்னவனே நீதான்.

தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் போன் செய்தபோது, நல்லா காய்ச்சிக் குடு, ஒண்ணும் ஆகாது என்றாயாம். அண்ணன் படித்தவனாயிற்றே என்று அவளும் சுண்டச் சுண்டக் காய்ச்சிப் பால்பவுடரைக் கலந்து கொடுத்தாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார், காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், அதில் கழிவிலிருந்து ஊறியிருக்கும் நைட்ரேட் வற்றாது, இன்னும் கடுமையாகும், குழந்தை நீலம் பாய்ந்தது அதனால்தான் என்று. உனக்கு அது தெரியாதா, இல்லை போனைச் சீக்கிரம் வைக்க வேண்டியிருந்ததா?

அதற்கப்புறமும் திட்டத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்டு எழுதியிருக்கிறாய், இல்லாவிட்டால் பதவி உயர்வு போய்விடுமாம். குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். உன் அப்பா பிள்ளைப்பாசத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். நிலம் என் பேரிலும் இருக்கிறது, நான் போடவில்லை. நேற்று நானே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்வயல் முழுக்க உரம் வீசினேன். இனி பண்ணைக்காரன் வாங்க இங்கே ஒன்றும் இல்லை, வாங்காமல் அவன் ஊற்றவும் முடியாது, அதுவும் உன் சட்டம்தான். ஏரி மறுபடி பச்சையாகட்டும், அதில் யாரும் குழந்தைக்குப் பால் கலக்கவில்லை.

மருமகளுக்கு மாசம் நெருங்குகிறது, கனமான எதையும் தூக்க விடாதே, அவளுக்கு என் ஆசி. உன் பிள்ளை நல்ல தண்ணீர் குடித்து வளரட்டும். தங்கைக்கு மட்டும் போன் செய்யாதே, போன் மணி அடித்தாலே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். என் கையெழுத்துதானே வேண்டும் என்றாய், கீழே போட்டிருக்கிறேன், வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா