பைப் விலை உயரக்கூடும்

மார்ச் 3, திங்கள்

கடை திறந்ததும் மில்லிலிருந்து கடிதம். இரும்பு பைப் விற்கும் எல்லாக் கடைகளுக்கும் ஒரே நகல். ‘உலை பழுதுபார்க்கும் பணி நடப்பதால் அடுத்த வாரம் முதல் விலை உயரக்கூடும்.’ அரைப் பக்கத்தில் நான்கு சந்திப்பிழை! சிவப்புப் பேனாவால் திருத்தினேன். அவர் இருந்திருந்தால், “பைப் விக்கிறவளுக்கு எதுக்குடி சந்தி?” என்று சிரித்திருப்பார்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். (மகனுக்குப் பைப்பைக் கண்டாலே தலைவலி, கடைக்கு வருவது இவள்தான்.)

“அத்தை, இப்பவே வாங்கிப் போட்டுடலாமா?”

“உயரும்னா போட்டிருக்கான்? உயரக்கூடும். உயராமலும் போகக்கூடும். நல்லாப் படி.”

இந்த வித்தியாசம் தெரியாததற்காகக் கான்வென்டில் தமிழ் சிஸ்டர் என்னை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தார். மறக்குமா?

மார்ச் 4

செடி நர்சரிக்காரம்மா வந்தார். நிழல்வலைப் பந்தல் போட இரண்டு அங்குல பைப் இருநூறு வேண்டுமாம்.

“பத்து நாளைக்கு விலை மாறாதுன்னு எழுதிக் குடுங்கம்மா.”

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துப் போட்ட விலை இன்றுவரை மாறியதில்லை. கிடங்கில் இருப்பது நாற்பதுதான். மீதியை வரவழைத்துக்கொள்ளலாம் – அவசரம் என்ன?

மார்ச் 6

விலை அசையவில்லை. எதிர்க்கடைக்காரர் மட்டும் நடக்க இடமில்லாமல் பைப்பை அடுக்குகிறார். “நீங்க வாங்கலையாம்மா?” என்றார்.

“எனக்குத் தமிழ் தெரியும்” என்றேன்.

மார்ச் 10, திங்கள்

ஏறிவிட்டது. நூற்றுக்குப் பன்னிரண்டு!

உலை மட்டும் காரணமில்லையாம். பைப்புக்கான தகடு வரும் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. மேல்பூச்சுக்கான ஜிங்க் விலையும் கூடிவிட்டது. மழைக்கு முன்னால் கட்டி முடிக்க ஊரே பைப் கேட்கிறது. எல்லாம் ஒரே வாரத்திலா?

மில் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். “உயரக்கூடும்னுதானே எழுதினீங்க?”

“ஐயோ மேடம், அது எங்க டைப்பிஸ்ட்! எல்லாத்துக்கும் ‘கூடும்’ போடுவாரு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கக்கூடும்னு நோட்டீஸ் ஒட்டின மனுஷன்!”

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இன்னும் நூற்று அறுபது பைப். கைநஷ்டத்துக்குக் கொடுப்பதா, கையெழுத்தை மாற்றுவதா? இரண்டாவது நடக்காது. போடி கிழவி, நல்லா வேணும் உனக்கு.

மார்ச் 11

மருமகளிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

“அத்தை, கோபப்படாதீங்க. லெட்டர் வந்த அன்னிக்கே இருநூறு பைப்புக்கு ஆர்டர் போட்டுட்டேன். பழைய விலைக்கு. இன்னிக்கு லாரி வருது.”

“என்னைக் கேக்காமலா?”

“கேட்டேனே! நீங்க இலக்கண கிளாஸ் எடுத்தீங்க.”

“சரி, எந்த வார்த்தையை வெச்சு முடிவு பண்ணினே?”

“வார்த்தையை யாரு பாத்தா? தகடு ஏத்தத் துறைமுகத்துக்குப் போன டிரைவருங்க நாலு நாளாக் காலி வண்டியோட நிக்கிறோம்னு அன்னிக்குப் போன்ல சொன்னாங்க.”

கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், சந்தேகமில்லை. அதற்குள் வாசலில் லாரி ஹாரன் அடித்துவிட்டது.

மார்ச் 13

எழுதிய விலைக்கே இருநூறும் போயிற்று. “நீங்க சொன்னா சொன்னதுதாம்மா” என்று நர்சரிக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகள் பக்கத்திலேயே நின்றாள். பில்லிலேயே கண்ணாக இருந்தாள், அழுத்தக்காரி. நான்தான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

“என் வாக்கைக் காப்பாத்தினது இவ.”

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். தூசி.

மார்ச் 24, திங்கள்

காலையில் மில்லுக்கு அவள்தான் போன் செய்தாள், என் நாற்காலியில் உட்கார்ந்து. நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அத்தை, ஜிங்க் இறங்குமா? என்ன நினைக்கிறீங்க?” என்றாள்.

“தெரியலையேம்மா” என்றேன்.

இந்தக் கடையில் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. பதினோரு மணிக்கே நன்றாகப் பசித்தது.