வாலாட்டி இறங்கிய வாசல்

ஈப்போ, மலாயா,
மார்கழி 1936

அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் திருப்பதியின் நமஸ்காரம். ஆத்தாவின் இருமல் குறைந்ததா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது; கஞ்சி இறங்குகிறது.

நம் குளத்தூர்க் கண்மாய்க்குப் பனிக்காலத்தில் வருமே வாலாட்டிக் குருவி, அதில் நாலைந்து போன வருஷம் புயலில் திசை தப்பி எங்கள் தோட்டத்துக் கூலி லயத்து வாசலில் விழுந்தன. ஒரு நொண்டி மட்டும் பிழைத்தது. இந்த வருஷம் அது குஞ்சுகளோடு வந்திருக்கிறது.

“பொழைச்ச எடத்த அது விடாதுங்க. இனி வருசா வருசம் இங்கிட்டுத்தான்” என்றார் பக்கத்து வீட்டு மூக்கன்.

கண்மாயில் இன்னும் வாலாட்டி வருகிறதா? பார்த்து எழுதுங்கள்.

தபால் போகிற நேரம். தம்பி ஆத்மநாதனும் இங்கே வரக் கப்பலேறத் துடிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கூட விழுந்து செத்தவற்றைப் பற்றிக் குஞ்சுகளிடம் சொல்லக் குருவிக்கு வாயில்லை. எனக்கு இருக்கிறது. என்னோடு கப்பலில் வந்த சவரியப்பனை இங்கேதான் புதைத்தோம். தம்பியை அனுப்பாதீர்கள்.

திருப்பதி