சாலமோனின் கையில் வந்த கட்டி

கிழக்குத் தாம்பரம்,
14-6-1974

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஞானஜோதிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் லுசாகாவில் சுகத்தோடிருக்க ஜெபிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உன் தம்பி சாலமோன் ரயிலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது வலிக்குப் பெத்தடின் ஊசி போட்டார்கள் அல்லவா, கால் கூடிவிட்டது, ஊசி அவனை விடவில்லை. எங்கிருந்தோ மருந்து வாங்கித் தானே குத்திக்கொள்கிறான், அதுவும் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்ப. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கடா என்று கேட்டால் எரிந்து விழுந்தான். போன வாரம் காய்ச்சல் அனலாய்க் கொதிக்க, சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முழங்கைக்கு மேலே தேங்காய் மூடி அளவுக்கு வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் உன் அப்பா, சபையில் தெரிந்துவிடும், மஞ்சள் பத்துப் போடு போதும் என்கிறார். ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையின் கையைப் பறிகொடுப்பதா? வந்த ஆத்திரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிக்‌ஷா பிடித்துக் கூட்டிப்போனேன். அங்கேயும் இதே கதைதான். டாக்டர் ஊசித் தழும்புகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, தானாகத் தேடிக்கொண்ட நோய், இதற்கெல்லாம் இங்கே இடமில்லை என்றார். அஞ்சம்மாள் என்றொரு ஆயா எல்லார் காதிலும் விழும்படி, இன்னாமா, ஊசி குத்திக்கினு வந்த ஆளுக்கு பெட்டு வேற கேக்குறியா என்றாள். இவன் எழுந்து வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டான். இழுத்து உட்கார வைத்து, வாசலை மறித்து நானும் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் யூனிஸ் என்ற நர்ஸ்தான் மனமிரங்கி வேறொரு டாக்டரை அழைத்து வந்தாள். கீறிவிட்டதும் வந்த நாற்றத்தை உனக்கு எழுத மாட்டேன். இன்னும் தாமதித்திருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார் அவர்.

கை பிழைத்தது. ஊசியை விட்டானா என்று கேட்காதே, விடவில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் திட்டுகிறேன், பிறகு நானே அழுகிறேன், எனக்கே அலுத்துப்போயிற்று. இன்று காலை தானாக வந்து இடது கையை நீட்டி, அம்மா, இங்கயும் செவந்திருக்கு, பாரேன் என்றான். தொட்டால் சுட்டது. மறைக்காமல் வந்தானே என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாடா போகலாம் என்று அவனைக் கூட்டிப்போய்விட்டார். எதிரே சபை மூப்பர் வந்து எங்கே என்று கேட்டாராம், உன் அப்பா ஒளிக்காமல் நின்று, ஆஸ்பத்திரிக்கு என்று பதில் சொல்லிவிட்டே போனாராம்.

தம்பிக்கு நீ தனியாக எழுது. புத்திமதி வேண்டாம், எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேள், மறந்துவிடாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அம்மா,
தபீதாள்