பத்துக்கு ஐந்து

அன்பு மகள் குண்டூசிக்கு அப்பா எழுதுவது.

அம்மாவின் கைக்கட்டைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்வாய், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நைசாகப் பேச்சை மாற்றிவிடுவாய். அம்மா மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து சமையல் என் பொறுப்பு, உன் அண்ணன் ஆபீஸ் கேண்டீனே கதி என்று ஓடிவிட்டான். அவளுக்கு வாய் மட்டும் முறியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை விரட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நாட்டுக்காக நீ ஆடிய ரக்பி ஆட்டத்தை பஸ் டெப்போ ஓய்வறை டிவியில் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாரும் கூடிப் பார்த்தோம். பந்தோடு ஓடி வந்தவளை நீ மடக்கிப் பிடித்தபோது அவள் முழங்கால் உன் தலையில் இடித்தது. எழுந்தாய், நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றாய். உன் கூட ஆடுகிறவள் ஒருத்தி சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். மெக்கானிக், என்னண்ணே, பாப்பா கட்சி மாறிடுச்சா என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் உன்னை வெளியே கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்ப அனுப்பினார். டெப்போவே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், தட்டியிருக்கக்கூடாது. மறுநாள் போனில், அம்மாவுக்குக் கை எப்படிப்பா இருக்கு என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் நான் பதில் சொன்னேன். லைன் சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

போன லீவில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாயே. சீசன் தொடங்கும் முன் டாக்டர் பத்து வார்த்தை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார், பத்தும் தெரிந்தும் வேண்டுமென்றே ஐந்துதான் சொன்னேன், பின்னால் தலையில் அடிபட்டு ஐந்தே ஞாபகம் வந்தாலும் மார்க் குறைந்ததாகத் தெரியாது, உட்கார வைக்கமாட்டார்கள் என்று. யார் பெத்த பொண்ணு என்று மேசையைத் தட்டிச் சிரித்தவன் நான். சனிக்கிழமை அந்த ஐந்துதான் உன்னைத் திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறது. இந்தத் திருட்டுத்தனம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியே தேட வேண்டியதில்லை. என் இடது கண் மங்கிப்போனதை மறைத்து, எனக்கு முன்னால் உள்ளே போனவனிடம் கேட்டு, கண் டாக்டர் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்து இரண்டு வருஷம் பாஸ் பண்ணியதைப் பெரிய சாதனை மாதிரி உன்னிடம் பீற்றிக்கொண்டது நான்தானே. தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியவன்.

உன் டாக்டரிடம் நானே சொல்லிவிடலாம் என்று நம்பர்கூட வாங்கினேன். உலகக் கோப்பைக்கு இன்னும் மூன்று வாரம். பத்து வருஷமாக முட்டி தேய, பல் உடைய நீ சம்பாதித்த இடம். போனாலும் போய்விடும், எனக்குத் தெரியும். அதை நானே பிடுங்க வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தால் எந்த முகத்தோடு உனக்குப் புத்தி சொல்வது? கை ஓடவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய்க் கண் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டு, ரிட்டயராக ரெண்டு வருஷம்தானே இருக்கு, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக்கூடாதா என்றார். பஸ்ஸை வாங்கிக்கொண்டார்கள். இப்போது பயணிகள் விட்டுப்போன சாமான்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். நேற்று ஒரு பல்செட் வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பஸ்ஸை வேறொருவன் கேட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனபோது கழிப்பறைக்குள் போய் அழுதேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நீயும் அழுவாய். அழுதுகொண்டே போய்ச் சொல்லம்மா. அந்த ஐந்து மார்க் பொய் என்று சொல், சனிக்கிழமை என்ன ஆனது என்று உள்ளதை உள்ளபடி சொல். வேளாவேளைக்குத் தூங்கு. உன் தலைக்கு ஒரு குறையும் வராமல், நாங்கள் போன பிறகும் எங்களை நன்றாக ஞாபகம் வைத்துத் திட்டிக்கொண்டு நீ நூறு வயது இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போன் பண்ணு. சொல்லாமல் பண்ணினால் எடுக்கமாட்டேன். எழுதிவிட்டேனே தவிர, கூப்பிடுவது நீ என்று தெரிந்தால் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. அதனால் நீதான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா