தொட்டிக்குத் தைத்த சட்டை

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா இப்போதுதான் நலம், அங்கே நீயும் நீ வீடு வீடாகக் கொடுக்கும் கொசுவலைகளும் நலமாக இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் பதறிப்போய் விமானம் ஏறிவிடுவாய் என்றுதான் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன், திட்டாதே.

போன மாதம் நம் தெருவில் மலேரியா என்று கொசு ஒழிப்புக்காரர் வந்து மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "என் பொண்ணு வெளிநாட்டுல மலேரியாவையே ஒழிச்சிட்டிருக்கா, நீங்க எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்களா" என்று அனுப்பிவிட்டார், ஏதோ கொசு சொந்தபந்தம் விசாரித்துவிட்டுத்தான் கடிக்கும் என்பது போல. கொஞ்ச நாளிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல். என்ன நடுங்குகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, மெஷின் அதிருது" என்கிறார். மெஷின் ஓடவே இல்லை. அந்த நடுக்கத்தில் பள்ளிக்கூட டீச்சரின் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். டீச்சர் அதை மாட்டிப் பார்க்க முடியாமல் திருப்பிக் கொண்டுவந்து, "சட்டை இருக்கட்டும், நீங்க முதல்ல ரத்த டெஸ்ட் பண்ணுங்க" என்றார். நான் சொல்லி அசையாதவர் வாடிக்கைக்காரர் சொன்னதும் கிளம்பினார். மலேரியாவேதான். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். கிருமி ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னதால், விழுங்கினாரா என்று தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

கொசு ஒழிப்புக்காரர் மறுபடி வந்து மாடி ஏறினார். மூடி உடைந்த நம் தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. அன்றைக்கே மாடி வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணுக்கும் காய்ச்சல். உலகத்தில் வருஷத்துக்கு ஆறு லட்சம் பேர் இதில் போகிறார்கள், முக்கால்வாசி சின்னக் குழந்தைகள் என்று நீ சொன்னபோதெல்லாம் டி.வி. சத்தத்தைக் கூட்டிய உன் அப்பா, அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சோற்றில் கை வைக்கவில்லை. சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று தெரிந்ததும் நேராக மெஷினில் போய் உட்கார்ந்தார். நம் தொட்டிக்கு அளவெடுத்து, வலைத்துணியில் நாடா வைத்து ஒரு சட்டை தைத்தார், பிறகு தெருவில் எல்லாத் தொட்டிக்கும். இப்போது கொசு ஒழிப்புக்காரருக்கு முன்னாலேயே கழுத்தில் டேப்போடு கதவைத் தட்டுகிறார். "அம்மா, அவரைக் கொஞ்சம் வீட்டுலயே வச்சுக்குங்க, 'இப்பத்தான் டெய்லர் பார்த்துட்டுப் போனாரு'ன்னு யாரும் எனக்குக் கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க" என்று அந்த மனுஷர் என்னிடம் கெஞ்சுகிறார்.

நேற்று நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வலை தரைவரை எட்டவில்லையாம், உள்ளே தூங்கும் குழந்தையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம். அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

மறக்காமல் பதில் போடு. ஊருக்கெல்லாம் வலை கொடுத்துவிட்டு நீ வெறுமனே படுக்காதே, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள். நீ கால் வைக்கும் வீட்டிலெல்லாம் பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும், நீயும் நீண்டகாலம் நன்றாக இரு.

வாய் ஓயாத உன் அம்மா