பூட்டிய அறையில் கிடந்த ஃபக்ஸ்

அனுப்புநர்:
க. சச்சிதானந்தன்,
செவன் ஹில்ஸ், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
முறைப்பாட்டுப் பிரிவு அதிகாரி அவர்கள்,
வாட்டில் கிரீக் பொது மருத்துவமனை, சிட்னி.

பொருள்: என் மனைவி இராஜேஸ்வரியின் அவசரப் பரிந்துரைக் கடிதம் ஆறு வாரங்கள் கவனிக்கப்படாமல் கிடந்தமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அதில் சதை எடுத்து அவசரமாகப் பரிசோதிக்கும்படி எங்கள் குடும்ப மருத்துவர் ஒக்டோபர் 14ஆம் திகதி உங்களுக்கு ஃபக்ஸ் அனுப்பினார். மின்னஞ்சலில் அனுப்பலாமே என்று கேட்டேன். மருத்துவமனை அதை ஏற்காது, ஃபக்ஸ்தான் பாதுகாப்பு என்றார் மருத்துவரின் வரவேற்பில் இருந்த பெண். 'ஓகே' என்று அச்சான துண்டையும் காட்டினார்.

2. நான் கொழும்பில் பதினொரு வருடங்கள் ஃபக்ஸ் இயந்திரம் திருத்தியவன். மறுமுனையில் ஓர் இயந்திரம் பதில் சொன்னது என்பதற்கு மேல் அந்த 'ஓகே'யில் ஒன்றுமில்லை. அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது.

3. நான்கு முறை தொலைபேசியில் கேட்டேன். மூன்று முறை, எதுவும் வரவில்லை என்றார்கள். நான்காவது முறை, நவம்பர் 13ஆம் திகதி, நோயாளியே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்றார்கள். அந்தச் சொல் என் மண்டைக்குள் புகுந்து குடைந்தது. ஏனெனில் கந்தசஷ்டிக்கு முதல் அவள், "விரதம் முடியட்டுமப்பா, பிறகு பாப்பம்" என்று சொல்லியிருந்தாள். ஆறு நாளும் பட்டினியோடு மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போய் வந்தாள். எனக்குத் தெரியாமல் அவள்தான் நிறுத்திவிட்டாள் என்று நினைத்து, அவளுடைய கைத்தொலைபேசியை எடுத்து யாருக்கு அழைத்திருக்கிறாள் என்று பார்த்தேன். கண்டுவிட்டாள். "என்னையே சந்தேகப்படுறீங்களோ?" என்று கேட்டவள், அதன் பிறகு என்னோடு பேசவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அதுவே முதல் தடவை.

4. நவம்பர் 27ஆம் திகதி நேரில் வந்தேன். ஃபக்ஸ் அறை பூட்டியிருந்தது. அதைப் பார்ப்பவர் நீண்ட விடுமுறையாம். மற்றவர்களுக்கு அது தங்கள் வேலை இல்லையாம். நான் கதிரையை விட்டு எழும்பாததால் ஒன்றரை மணி நேரத்தின் பின் திறந்தார்கள். தட்டு நிரம்பித் தரையெல்லாம் தாள்கள். யாருக்கு என்ன நோய் என்று வாசலில் நின்றே என்னால் வாசிக்க முடிந்தது. இதுதானா பாதுகாப்பு? இராஜேஸ்வரியின் கடிதமும் அங்கேதான் கிடந்தது. அது நாள் கடந்துவிட்டது, மருத்துவர் மறுபடி ஃபக்ஸ் அனுப்பட்டும் என்றார்கள்.

5. மின்னஞ்சல் என்றால் எப்போது வந்தது, யாருடைய பெட்டியில் கிடந்தது என்று கேட்டுவிடலாம். ஃபக்ஸில் அனுப்பியவரிடம் துண்டு இருக்கிறது, உங்களிடம் 'வரவில்லை' என்ற பதில் இருக்கிறது, பொறுப்பு மட்டும் ஒருவரிடமும் இல்லை. அந்த வசதிக்காகத்தான் இதை விடாமல் வைத்திருக்கிறீர்களோ என்று ஐயப்படுகிறேன். பிழை என்றால் எழுத்தில் மறுக்கவும்.

6. ஆகவே பரிசோதனைக்கு இந்த வாரத்துக்குள் நாள் குறித்துத் தருமாறு வேண்டுகிறேன். மருத்துவரின் புதிய கடிதத்தை இத்துடன் நேரில் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டவர் தன் பெயரையும் நேரத்தையும் என் பிரதியில் எழுதித் தரவேண்டும். மனுவை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு வாசிக்கவும். அவருக்கு ஃபக்ஸில் அனுப்ப வேண்டாம்.

27ஆம் திகதி வீட்டுக்குப் போனவுடன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மறுபடி பேசத் தொடங்கிவிட்டாள். கட்டி பெரிதாகிவிட்டது என்பதுதான் அவள் சொன்ன முதல் விஷயம். என் மீதிருந்த கோபத்தில் அதை இரண்டு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

இடம்: செவன் ஹில்ஸ்
திகதி: 02.12.2025

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
க. சச்சிதானந்தன்