நெய் பட்ட தட்டு

நஸீஃப்,

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வரவில்லையாம், என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். உன் அம்மா மினியாவிலிருந்து ஒரு மணி ரயிலில் வந்துவிடுவார்.

ஓவனில் இருக்கும் சின்னத் தட்டை மட்டும் அவருக்கு வை. அரிசி, தக்காளி, புதினா அடைத்த குட்டிச் சுரைக்காய், நான்குதான் இருக்கும். பிரிட்ஜில் துணி மூடிய பெரிய தட்டைத் தொடாதே. அதற்கு வெங்காயத்தை நெய்யில் வதக்கிவிட்டேன். பால், நெய் எதுவும் ஆகாத உங்கள் தவக்கால நோன்பில் நெய்! அடைத்து, சுட்டு, வாசனை வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் யாரும் இந்த நோன்பு இருந்ததில்லை. கை தானாகப் பழகிய நெய் டப்பாவுக்குப் போய்விட்டது. மிஞ்சிய காயை எண்ணெயில் மறுபடி செய்தேன்.

நேற்று நீ, “உங்க சபைக்காரங்களுக்கு நோன்புன்னா சாப்பாடு கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்டி”ன்னு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இப்போது அது உண்மையாகிவிட்டதே. வேறு சபைப் பெண் என்று கல்யாணத்துக்கே வராதவர், மூன்று வருடம் கழித்து இன்றுதான் நம் வாசலை மிதிக்கிறார்.

சுடச்சுட எடுக்காதே, காய் உடைந்துவிடும்.

ஏன் நாலே நாலு என்று கேட்டால் ஓவன் மேல் பழி போடச் சொல்லலாம் என்றிருந்தேன். வேண்டாம். “மருமக கை தவறிடுச்சும்மா, உனக்காகத் திரும்பச் செஞ்சா”ன்னு உள்ளதைச் சொல்லிவிடு.

நான் ஐந்து மணிக்கு வரும்வரை அவரைப் போக விடாதே. மன்னிப்பை நானே கேட்க வேண்டும். ‘அத்தை’ என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதுவரை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட எனக்கு வாய்க்கவில்லை.

நாத்ரா